பீடி குடித்தவருக்கு ஜீன் டெஸ்ட் எதற்கு?

2 ஆகஸ்ட் 2024, காலை 9:12 (கேள்வி: திண்டுக்கல் வாசகர்)

மாமாவுக்கு வயது 63. முப்பது வருஷமாக பீடி. நுரையீரலில் கட்டி, ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்து புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது "ஜீன் டெஸ்ட்" என்று முப்பதாயிரம் கேட்கிறார்கள். பீடி, சிகரெட் தொடாத பொம்பளைகளுக்குத்தான் அந்த ஜீன் கோளாறு இருக்கும், பிடித்தவர்களுக்கு இருக்காது என்று சொந்தத்தில் ஒரு நர்ஸ் அக்கா சொல்கிறார். அப்படியென்றால் இது தண்டச் செலவுதானே?

2 ஆகஸ்ட், இரவு 10:40

நர்ஸ் சொன்னதில் பாதி சரி. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் வரும் மாற்றம் புகை பிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும்தான் அதிகம். முப்பது வருஷம் பீடி, ஆண், 63 வயது என்றால் வாய்ப்பு குறைவு. முப்பதாயிரத்தை கீமோவுக்கும் போக்குவரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது. நான் டாக்டர் இல்லை. 2016இல் அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது கற்றுக்கொண்டதுதான்.

3 ஆகஸ்ட், விடியற்காலை 5:15

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். படுத்தபிறகு தூக்கம் வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் ஒருவர் சொன்ன அதே வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு நான் இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எங்களிடம் சொன்னது இது (அடினோகார்சினோமா என்பது நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை): "அம்மா பீடி சிகரெட் தொட்டதில்லை, பெண், அடினோகார்சினோமா. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஈஜிஎஃப்ஆர்தான். ரிப்போர்ட் வருவதற்குள் மாத்திரையை ஆரம்பித்துவிடுவோம்." ஆரம்பித்தார்கள். ஜெஃபிடினிப், ஈஜிஎஃப்ஆர் மாற்றத்தைக் குறிவைக்கிற மாத்திரை, தினம் ஒன்று. ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது: மாற்றம் இல்லை. அதற்குள் கட்டி வளர்ந்து, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, அம்மா உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தார்.

அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு மில் தொழிலாளி இருந்தார். நாளைக்கு இரண்டு கட்டு பீடி, ஆக்சிஜன் குழாயோடு வந்து சேர்ந்தவர். அவருக்கு எக்ஸான் 19 என்ற மரபணுப் பகுதியில் நீக்கம், ஈஜிஎஃப்ஆரில் மிகவும் வழக்கமான மாற்றம். அம்மாவுக்குப் பலிக்காத அதே மாத்திரையில் மூன்றே வாரத்தில் குழாயைக் கழற்றிவிட்டு வராந்தாவில் நடந்தார். "உங்கம்மா சீட்டை நான் வாங்கிட்டேன் போல" என்று ஒருநாள் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

தம்பி, டெஸ்ட் எடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: பயாப்ஸி ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா என்று இருக்கிறதா, ஸ்குவாமஸ் என்றா, ஸ்மால் செல் என்றா?

3 ஆகஸ்ட், மதியம்

அடினோகார்சினோமா என்று பதில் போட்டிருக்கிறார். அப்படியானால் பீடிக் கணக்கே கேட்கத் தேவையில்லை. பரவிய நிலையில் இருக்கிற அடினோகார்சினோமா எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்பதுதான் இப்போதுள்ள விதி. ஸ்மால் செல் என்றால் கதை வேறு. அது அநேகமாகப் புகையோடு வருகிற நோய், அதற்கு இந்த மாத்திரைகள் இல்லை. ஸ்குவாமஸில் இந்த மாற்றங்கள் அபூர்வம். புகைக்காதவருக்கு ஸ்குவாமஸ் வந்தால் அப்போதும் பார்க்கச் சொல்கிறார்கள்.

4 ஆகஸ்ட், இரவு

"நர்ஸ் சொன்னது ஊருக்கே தெரிந்த விஷயமாச்சே, அதெப்படித் தப்பாகும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தப்பில்லை. அதுதான் சிக்கலே. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஜெஃபிடினிப் மாத்திரை அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்றபோது அது யாருக்கு வேலை செய்யும் என்று ஒருவருக்கும் தெரியாது. பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது, ஆனால் அந்த ஒருவருக்கு மந்திரம் போட்டதுபோல் சுருங்கியது. அந்த ஒருவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பெண், புகைக்காதவர், கிழக்கு ஆசியர், அடினோகார்சினோமா. அதாவது ஆளின் அடையாளம்தான் முதலில் பிடிபட்டது. மரபணு அடுத்த வருஷம், 2004இல்தான் பிடிபட்டது. பாஸ்டனில் இரண்டு குழுக்களும் நியூயார்க்கில் ஒரு குழுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள்: மாத்திரை பலித்தவர்களின் கட்டியில் ஈஜிஎஃப்ஆர் மாறியிருந்தது.

சரி, அந்த அடையாளத்தை வைத்தே ஆளைத் தேர்ந்தெடுத்தால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். ஐபாஸ் என்ற ஆய்வு, ஹாங்காங்கின் டோனி மோக் தலைமையில், 2009இல் வெளியானது. கிழக்கு ஆசியாவில் 1217 நோயாளிகள். எல்லோருக்கும் அடினோகார்சினோமா, புகைக்காதவர்கள் அல்லது கொஞ்சமாகப் புகைத்து எப்போதோ விட்டவர்கள். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு கீமோ. மரபணு பார்க்க முடிந்தது 437 பேருக்கு. இவ்வளவு சலித்து எடுத்தும் மாற்றம் இருந்தது 261 பேருக்குத்தான், ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது. மிச்ச நாற்பது பேர் எங்கள் அம்மா மாதிரி.

மாற்றம் இருந்தவர்களில் மாத்திரை எடுத்த நூறு பேருக்கு 71 பேர் என்ற கணக்கில் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாமல் மாத்திரை எடுத்தவர்கள் 91 பேர். அதில் சுருங்கியது ஒருவருக்கு. ஒரே ஒருவருக்கு. அவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்தது சராசரியாக ஒன்றரை மாதம், அதே மாதிரி ஆட்கள் கீமோ எடுத்திருந்தால் ஐந்தரை மாதம்.

அம்மாவுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தது 2016இல். இந்தக் கணக்கு அச்சாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இது தெரிய வந்தது அம்மா போன பிறகு.

5 ஆகஸ்ட்

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அப்போ நம்மூர்லயும் புகைக்காதவர்களில் நூற்றுக்கு அறுபதா?" என்று இருவர் கேட்கிறார்கள். நானும் சில வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது கிழக்கு ஆசியக் கணக்கு. பல ஆசிய நாடுகளில் ஒரே முறையில் பார்த்த பயனியர் என்ற ஆய்வில் வியட்நாமில் நூற்றுக்கு 64, இந்தியாவில் 22. ஆசியா என்று ஒரே பெட்டியில் போட்டால் எங்கே இடிக்கிறது பாருங்கள். மும்பை டாடா மருத்துவமனைக்காரர்கள் 2013இல் வெளியிட்ட கணக்கில் 907 அடினோகார்சினோமா நோயாளிகள், மாற்றம் இருந்தது 23 சதவீதம். பெண்களில் ஏறக்குறைய 30, ஆண்களில் 20. புகைக்காதவர்களில் 29, புகைத்தவர்களில் 15.

திண்டுக்கல் தம்பி பார்க்க வேண்டிய எண் அந்தக் கடைசி 15. புகைத்தவர்களில் ஏழு பேருக்கு ஒருவர். ஏழில் ஒன்று என்று ஜோசியர் சொன்னால் பரிகாரத்துக்கு முப்பதாயிரம் செலவழிக்கிற ஊர் இது.

5 ஆகஸ்ட், இரவு

மேலே ஜோசியர் பற்றி எழுதியது யாரையோ புண்படுத்தியிருக்கிறது. நானும் திருநள்ளாறு போய் எள் விளக்கு போட்டவள்தான், விடுங்கள்.

8 ஆகஸ்ட்

"மாற்றம் என்றால் என்ன மாற்றம்? பிறவியிலேயே இருந்ததா?" இது நல்ல கேள்வி.

எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வைத்துச் சொல்கிறேன். ஸ்டார்ட்டரில் பச்சையை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். சில நேரம் உள்ளே காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சிவப்பை எத்தனை தடவை அழுத்தினாலும் நிற்காது, தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு ஓடும். ஈஜிஎஃப்ஆர் என்பது செல்லின் மேல்தோலில் இருக்கிற அப்படியொரு சுவிட்ச். வெளியிலிருந்து "வளரு" என்று செய்தி வந்தால் மட்டும் போட வேண்டியது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலும் போதும், செய்தி வராமலே ஓடிக்கொண்டிருக்கும். மாத்திரை போய் அந்த ஒட்டிய காண்டாக்டில் குச்சி செருகுகிறது. ஒட்டாத ஸ்டார்ட்டரில் குச்சி செருகி என்ன பிரயோசனம்? அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

ரிப்போர்ட்டில் எல்858ஆர் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது முகவரி. அந்தப் புரதத்தில் 858ஆம் இடத்தில் லூசின் இருக்க வேண்டியது, ஆர்ஜினின் இருக்கிறது. எக்ஸான் 19இல் வருவது எழுத்து மாற்றம் இல்லை, சில எழுத்துகள் காணாமலே போவது. ஈஜிஎஃப்ஆர் மாற்றங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது இந்த இரண்டும்தான். எக்ஸான் 20இல் செருகல் என்று வந்தால் மட்டும் உஷார். அதுவும் ஈஜிஎஃப்ஆர்தான், ஆனால் ஜெஃபிடினிப் அதற்குக் கேட்காது. "ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்" என்ற தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சந்தோஷப்படக் கூடாது, கீழே எந்த எக்ஸான் என்று பாருங்கள்.

பிறவியில் வந்ததில்லை. கட்டியில் மட்டும் இருப்பது. பிள்ளைகளுக்குப் போகாது, அவர்களைப் பரிசோதிக்க வேண்டியதில்லை.

9 ஆகஸ்ட்

கடைசி வரியில் அவசரப்பட்டுவிட்டேன். மாற்றம் பிள்ளைகளுக்குப் போகாது என்பது சரி. ஆனால் குடும்பத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று படிக்கிற மாதிரி எழுதிவிட்டேன். தைவானில் டேலன்ட் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது: புகைக்காதவர்கள், ஆனால் வீட்டில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது போன்ற வேறு ஆபத்து உள்ளவர்கள், பன்னிரண்டாயிரம் பேர். குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்துப் பார்த்ததில் 2.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. குடும்பத்தில் இருந்தவர்களுக்கு அது கூடுதல். அங்கே 2022இலிருந்து அப்படிப்பட்டவர்களுக்கு அரசே சிடி எடுக்கிறது.

எனக்கு 54 வயது. இதை எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்றது.

11 ஆகஸ்ட்

தம்பியிடமிருந்து ரத்தப் பரிசோதனைத் தாளின் படம் வந்திருக்கிறது. கூடவே: "அக்கா, ஜீன் டெஸ்ட் காசு கட்டுறதுக்கு முன்னாடியே மாமாவுக்கு ஈஜிஎஃப்ஆர் 84ன்னு வந்திருக்கு. ரொம்ப பாசிட்டிவா?"

தம்பி, அது கிட்னி. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கிரியேட்டினினை வைத்துப் போடுகிற கணக்குக்கும் இதே எழுத்துகள்தான் சுருக்கம். சிடிக்கு மருந்து ஏற்றும் முன்பும் கீமோவுக்கு முன்பும் அதைப் பார்ப்பார்கள். 84 நல்ல எண், மாமா கிட்னி நன்றாக வடிகட்டுகிறது. சிரிக்காதீர்கள் யாரும். 2016இல் அம்மாவின் தாளில் 91 என்று பார்த்துவிட்டு நான் என் தங்கைக்கு போன் போட்டு அழுதேன், சந்தோஷத்தில்.

15 ஆகஸ்ட், லீவு, கொஞ்சம் நேரம் இருக்கிறது

காசநோய் விஷயத்தை யாருமே கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்தது 2015 ஐப்பசியில். எக்ஸ்ரேயில் மேல்பக்கம் ஒரு நிழல். சளியில் கிருமி இல்லை. "இருந்தாலும் நம்ம நாட்டில் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்" என்று காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று சொல்லித் தந்தார்கள், போயிற்று, மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் நினைத்தோம். நான்கு மாதம். எடை ஆறு கிலோ குறைந்தது. அதற்கும் "மாத்திரை சூடு" என்று மோர் கொடுத்தோம்.

அந்த டாக்டர் மேல் கோபம் இருந்தது. இப்போது பாதிதான் இருக்கிறது. 60 வயதுக்காரி, புகை தொடாதவள், சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கு. அவளுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று முதலில் யாருக்குத் தோன்றும்? இதுவும் ஆளைப் பார்த்து முடிவு கட்டியதுதான். முதலில் ஆளைப் பார்த்து "இது புற்றுநோயாக இருக்காது" என்றார்கள். பிறகு ஆளைப் பார்த்து "இந்த ஜீனாகத்தான் இருக்கும்" என்றார்கள். இரண்டு தடவையும் ஒரே அம்மா, ஒரே முகம்.

மீதிப் பாதிக் கோபம் எதற்கென்றால், இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் நிழல் குறையாதபோதாவது சிடி எழுதியிருக்கலாம்.

15 ஆகஸ்ட், மாலை

விறகு அடுப்புப் புகையால் இந்த நோய் வருமா என்று மூன்று பேர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் கேஸ் வந்தது 1998இல். அதுவரை அம்மா ஊதுகுழலும் வேலிக்கருவேல விறகும்தான். அதனால்தான் வந்ததா? தெரியாது என்பதைவிட, ஒருத்திக்கு மட்டும் என்று வைத்து அதைச் சொல்லவே முடியாது. வீட்டுக்குள் நிலக்கரிப் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. சீனாவில் ஷுவான்வெய் என்ற இடத்துப் பெண்கள் அதற்கு உதாரணம்: புகைபோக்கி இல்லாத வீடுகளில் புகைக்கரி எரித்தவர்கள். விறகுப் புகை அதற்கு ஒருபடி கீழே, "அநேகமாகத் தரும்" என்ற வகையில் இருக்கிறது. வெளிக்காற்று மாசு 2013இலிருந்து உறுதியான பட்டியலில்.

2023இல் லண்டனின் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு ஒன்று வெளியிட்டது, எனக்கு அதுதான் மனதில் நின்றது. புற்றுநோய் இல்லாத சாதாரண நுரையீரல் திசுக்களை எடுத்துப் பார்த்தபோதும் 18 சதவீதத்தில் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்ததாம். வயதாக ஆக அங்கங்கே பிழை விழத்தான் செய்கிறது, பெரும்பாலும் அது சும்மா கிடக்கிறது. நுண்தூசி உள்ளே போனால் அழற்சி உண்டாகி, சும்மா கிடந்ததை எழுப்பிவிடுகிறது. அதாவது நுண்தூசி விதை போடுவதில்லை, கிடந்த விதைக்குத் தண்ணீர் விடுகிறது.

பீடி கதை வேறு. அது விதையும் போடுகிறது. புகைத்தவரின் கட்டியில் மரபணுப் பிழைகள் புகைக்காதவருடையதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். எங்கு திரும்பினாலும் எழுத்துப்பிழை, எது காரணம் என்று தேட வேண்டியிருக்கும். புகைக்காதவரின் கட்டியில் பிழை குறைவு, ஆனால் அதில் ஒன்று காண்டாக்ட் ஒட்டிய பிழையாக இருக்கும். அதனால்தான் மாத்திரை அவர்களுக்கு அதிகம் பொருந்துகிறது. நர்ஸ் அக்கா இதைத்தான் சுருக்கிச் சொல்லியிருக்கிறார், சுருக்கியதில் "அதிகம்", "குறைவு" இரண்டும் விழுந்துவிட்டன.

19 ஆகஸ்ட்

தம்பி டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். மூன்று வாரம் ஆகுமாம். "அதுவரை இம்யூனோதெரபி போட்டுக்கலாமா, ஒருத்தர் நல்லதுன்னு சொல்றார்" என்கிறார்.

முடிந்தால் பொறுங்கள், பொறுக்க முடியாத நிலை என்றால் இந்தச் சுற்று கீமோ மட்டும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றம் உள்ளவர்களுக்கு இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய் மேல் ஏவிவிடும் ஊசி) பெரும்பாலும் பலிப்பதில்லை. அதைவிட முக்கியம், இம்யூனோ ஊசி போட்ட சூட்டோடு ஈஜிஎஃப்ஆருக்கான ஆசிமெர்டினிப் மாத்திரை ஆரம்பித்தால் நுரையீரல் அழற்சி வரும் அபாயம் கூடுகிறது. ஊசி உடம்பில் மாதக்கணக்கில் தங்கும், திரும்ப எடுக்க முடியாது.

20 ஆகஸ்ட்

ஏஎல்கே என்றால் என்ன என்று கேட்டவருக்கு: அது இன்னொரு சுவிட்ச். ஜப்பானில் ஹிரோயுகி மானோ குழு 2007இல் கண்டுபிடித்தது. இரண்டாம் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி, ஈஎம்எல்4 என்ற மரபணுவின் தலையும் ஏஎல்கேயின் வாலும் ஒட்டிக்கொள்கின்றன. நூறு அடினோகார்சினோமாவில் மூன்று முதல் ஐந்து பேருக்கு. வயது குறைந்தவர்கள், புகைக்காதவர்கள் அதிகம் (மறுபடியும் "அதிகம்"). இது இருந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்கிறார்கள். லார்லாடினிப் என்ற மாத்திரையின் ஐந்து வருஷக் கணக்கு 2024 மே கடைசியில்தான் வந்தது: ஐந்து வருஷம் முடிந்தும் நோய் முன்னேறாதவர்கள் நூற்றுக்கு அறுபது, பழைய கிரிசோடினிப்பில் எட்டு. பரவிய நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை.

20 ஆகஸ்ட், இரவு 11:50

"உங்க அம்மாவுக்கு ஏஎல்கே பார்த்தார்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பயாப்ஸியில் எடுத்தது நூல் மாதிரி இரண்டு துண்டு. அதை மெழுகில் பதித்து பிளாக் செய்வார்கள், பிறகு மெல்லிசாகச் சீவிச் சீவி ஒவ்வொரு டெஸ்டும். எங்களுக்கு நோய் எது என்று பார்க்கக் கொஞ்சம், எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம், இரண்டாவது கருத்துக்காக இன்னோர் ஊருக்கு அனுப்பியதில் கொஞ்சம், ஈஜிஎஃப்ஆருக்கு முதல் தடவை சரியாக வராமல் மறுபடி கொஞ்சம். ஏஎல்கேக்கு எழுதியபோது "திசு போதவில்லை" என்று ஒரு வரி வந்தது. மறுபடி ஊசி போட அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருதரம் குத்தினது போதும், என்னை விட்ருங்க" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. கீமோ ஆறு சுற்று, நடுவில் நல்ல நாட்களும் இருந்தன, பேத்தி காது குத்துக்கு வந்து உட்கார்ந்தார். 2018 மாசியில் போய்விட்டார்.

61 வயது, புகைக்காதவர், ஈஜிஎஃப்ஆர் இல்லை. ஏஎல்கே இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். "இருந்திருக்கும்" என்று எழுதக் கை வருகிறது, எழுதினால் நானும் ஆளைப் பார்த்து ஜீன் சொல்கிறவளாகிவிடுவேன்.

21 ஆகஸ்ட்

நேற்று எழுதியதால் ஆறுதல் சொல்லி நிறைய வந்திருக்கிறது. சரி. அதைவிட உபயோகமாக ஒன்று: ஊசி போடும் முன்பே "ஜீன் டெஸ்டுக்கும் சேர்த்துப் போதுமான அளவு எடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் திசு தீர்ந்துவிடும். ஒரே தடவையில் பல மரபணுக்களைப் பார்க்கிற என்ஜிஎஸ் முப்பதாயிரம் என்பது அதனால்தான். காசு இல்லை என்றால் ஈஜிஎஃப்ஆர் தனியாகவும், ஏஎல்கே சாயம் போட்டுப் பார்க்கிற முறையிலும் செய்யலாம், அது சில நாளில் வந்துவிடும், செலவும் குறைவு. திசுவே இல்லை என்றால் ரத்தத்தில் பார்க்கலாம். ரத்தத்தில் மாற்றம் தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை.

2 செப்டம்பர்

"மில் தொழிலாளி என்ன ஆனார்?" பதினான்கு மாதம் மாத்திரையில் ஓடினார், வேலைக்குக்கூடப் போனார். முகமெல்லாம் பரு மாதிரி, கால் நகக்கண் சீழ் பிடிக்கும், அதற்கு உப்புத் தண்ணீரில் கால் வைத்துக்கொள்வார். பிறகு மறுபடி வளர்ந்தது. ஜெஃபிடினிப் எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு டி790எம் என்று புதிதாக ஒரு மாற்றம் வந்து, மாத்திரை உட்கார விடாமல் செய்துவிடும். அதற்கென்று வந்ததுதான் ஆசிமெர்டினிப். இப்போது முதலிலேயே அதைக் கொடுக்கிறார்கள். நேருக்கு நேர் வைத்துப் பார்த்ததில் நோய் கட்டுக்குள் இருந்தது 18.9 மாதம், பழைய மாத்திரைகளில் 10.2. அவருக்கு அப்போது அது எட்டாத விலை. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆசிமெர்டினிப்புக்கு சுங்க வரியை எடுத்திருக்கிறார்கள், எடுத்த பிறகும் மில் சம்பளத்துக்கு எட்டுமா என்பது வேறு கேள்வி.

விலை எட்டாதவர்களுக்கு மும்பை டாடாவில் ஒரு வழி பார்த்தார்கள், 350 பேரை வைத்து: மலிவான ஜெஃபிடினிப்போடு கீமோவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எட்டு மாதம் பதினாறாயிற்று. கடுமையான பக்கவிளைவும் ஏறக்குறைய இரட்டிப்பு. நம்மூர் மருந்துக்கடையில் கிடைப்பதை வைத்து நம்மூர்க்காரர்கள் கேட்ட கேள்வி என்பதால் எனக்கு அந்த ஆய்வின் மேல் தனிப் பிரியம்.

3 செப்டம்பர்

மில் தொழிலாளி பீடியை விட்டாரா என்று கேட்கிறார்கள். இல்லை, விடவில்லை. நல்லவேளை அவர் எடுத்தது எர்லோடினிப் இல்லை, அது ஜெஃபிடினிப் மாதிரியே இன்னொரு மாத்திரை. புகைத்தால் அந்த மருந்து ரத்தத்தில் நிற்காமல் குறைந்துவிடும்.

11 செப்டம்பர்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஈஜிஎஃப்ஆர் இல்லை. ஏஎல்கே இல்லை. கேராஸ் என்ற மரபணுவில் ஜி12சி என்ற மாற்றம் இருக்கிறது.

இது புகையின் கையெழுத்து என்றே சொல்லலாம், புகைத்தவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறார்கள். நாற்பது வருஷமாக மருந்தே கிடையாது என்றிருந்த மரபணு. 2021இல்தான் அமெரிக்காவில் சோடோராசிப் என்ற முதல் மாத்திரைக்கு அனுமதி. அதுவும் முதல் சிகிச்சை தோற்ற பிறகு தருவது.

மாமா கேட்டாராம்: "அப்போ அந்த நர்ஸ் சொன்னது கரெக்ட்தானே? முப்பதாயிரம் போச்சு."

என்ன பதில் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நர்ஸ் ஜெயித்துவிட்டார்தான். ஏழில் ஆறு பேருக்கு அவர் ஜெயிப்பார். ஆனால் மாமாவுக்கு இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஜெஃபிடினிப் கொடுக்க மாட்டார்கள், கீமோவோடு இம்யூனோதெரபி சேர்க்கலாமா என்பதைப் பயமில்லாமல் பேசலாம், அதற்கு பிடி-எல்1 (இம்யூனோதெரபி பலிக்குமா என்று கணிக்கப் பார்க்கிற ஒரு புரதம்) அளவு எவ்வளவு என்று அதே ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மீதித் திசுவில் கேளுங்கள். இதையெல்லாம் மாமாவிடம் சொன்னால் "ஆறுதல் பரிசா" என்பார். சொல்லட்டும்.

14 அக்டோபர்

இரண்டு சுற்று முடிந்து சிடி: கட்டி கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது. மாமா பீடியை ஒரு நாளைக்கு மூன்றாகக் குறைத்திருக்கிறார் என்று தம்பி எழுதுகிறார். அத்தை கணக்குப்படி ஏழு.

நானும் போன வாரம் குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்துக்கொண்டேன். நான்கு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி, ஒரு வருஷம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார்கள். இந்த அளவுப் புள்ளி நிறையப் பேருக்கு இருக்குமாம். எடுக்காமலே இருந்திருக்கலாமோ என்று இரண்டு நாள் தோன்றியது.

6 டிசம்பர்

தம்பியின் புதுக் கேள்வி: ஆஸ்பத்திரியிலிருந்து மெழுகு பிளாக்கைத் திருப்பி வாங்கி வந்துவிட்டாராம். நல்லது. அத்தை அதை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார், கெட்டுப்போகுமா என்கிறார்.

கெடாது. வெளியிலேயே வைக்கலாம், வெயில் படாத அலமாரி போதும். ஃப்ரிட்ஜில்தான் இருக்கும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தால் இருக்கட்டும், டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். இட்லி மாவுச் சட்டிக்கு அடியில் மட்டும் வேண்டாம்.